ஸ்டிரைக் நாளில் மெஷினில் நின்ற மேனேஜர் கருங்காலியா?

ஓசூர் காஸ்டிங்:

வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு அலுமினியம் டை காஸ்டிங் (உருகின உலோகத்தை டை என்கிற அச்சில் அழுத்தி வார்ப்பது) கம்பெனியில் புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் மேனேஜராக இருக்கிறேன். ஒன்பது வருட சர்வீஸ். சம்பள ஒப்பந்தத்தை இழுத்தடித்ததால் எங்கள் ஆட்கள் முறையாக நோட்டீஸ் கொடுத்து 19 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். முதல் நாள் காலையிலேயே இன்ஜினியர், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் என்று ஸ்டாஃப் எல்லாரையும் கூப்பிட்டு ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். எனக்கு 4-ம் நம்பர் மெஷின்.

அதை 14 வருடமாக ஓட்டுகிறவர், நான் டிரெய்னியாக வந்தபோது டை சூடு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆயுத பூஜைக்கு அவர் பேனலில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினை ஓட்டும் சைக்கிள் பட்டன் அதற்கு ஒரு விரல்கடை கீழே. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் அமுக்கினேன். அவர் ஒரு ஷிஃப்டுக்கு 400 ஷாட், அதாவது 400 தடவை வார்ப்பு, எடுப்பார். நான் 150 தாண்டவில்லை, அதிலும் பாதி ரிஜெக்‌ஷன். ஆனாலும் தினமும் லோடு வண்டி கிளம்பியது.

ஐந்தாம் நாள் கார் கேட்டுக்குள் நுழையும்போது யாரோ "கருங்காலி" என்று கத்தினார்கள். அண்ணன் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். இப்போது பேச்சுவார்த்தை முடிந்து எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒன்பது வருடமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், "சார்" என்கிறார்.

நான் யூனியனில் இல்லை, சேரவும் முடியாது. மேலே சொன்ன வேலையைச் செய்தேன். நான் கருங்காலியா? சட்டம் தெரிந்தவர்களும் யூனியனில் இருந்தவர்களும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

லேபர் கோர்ட் வக்கீல்:

சட்டப்படி உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை. 1947-ன் தொழில் தகராறு சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கிற தொழில் உறவுகள் தொகுப்பும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான். சட்டவிரோதமில்லாத ஸ்டிரைக் நடக்கும்போது புதிதாகத் தொழிலாளர்களை வேலைக்கு எடுப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை. ஏற்கெனவே சம்பளம் வாங்கும் மேனேஜரை மெஷினுக்கு அனுப்புவது அதில் வராது.

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் கிடையாது. மேற்பார்வை வேலை என்றால், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அவர்களும் வெளியே. முன்பு இந்த வரம்பு 10,000. அதனால் நீங்கள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் கீழ்ப்படியவில்லை என்று சார்ஜ் ஷீட் வந்திருக்கலாம். ஸ்டிரைக் செய்தவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்திருக்காது. இன்னொன்று, ஒருவர் தொழிலாளரா இல்லையா என்று வழக்கு வந்தால் கோர்ட் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை. முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்றுதான் பார்க்கும்.

பட்டறைக்காரர் மகன்:

தம்பி, வக்கீல் சார் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயரை விடுங்கள், கை என்ன வேலை செய்தது? நீங்கள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கஸ்டமருக்கு பதில் எழுதியிருந்தால், சம்பளக் கணக்கு பார்த்திருந்தால், உங்களை அப்படிக் கூப்பிட்டவனை நானே கண்டித்திருப்பேன். ஃபர்னஸைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். உருகின அலுமினியம் உள்ளேயே உறைந்தால் குரூசிபிள், அதாவது உருக்கும் பானை, விரிசல் விடலாம். ஸ்டிரைக் முடிந்து திரும்பி வருகிறவனுக்கும் அந்த ஃபர்னஸ் வேண்டுமே. ஆனால் 4-ம் நம்பரில் ஷாட் எடுப்பது அண்ணனுடைய வேலை. அதை நிறுத்தி வைப்பதைத் தவிர அவர் கையில் வேறு பலமே கிடையாது.

என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1974 மே 8-ம் தேதி ஆரம்பித்த ஸ்டிரைக்கில் இருபது நாள் வெளியே நின்றார். நாடு முழுக்க 17 லட்சம் பேர் சம்பந்தப்பட்ட போராட்டம். வேலை போய், 1977-ல் ஆட்சி மாறிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அந்த மூன்று வருடம் அம்மா இட்லி சுட்டு விற்றாள். மாவு ஆட்டி ஆட்டி அவள் உள்ளங்கை காய்த்துப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உள்ளே போனவர்களுக்கு "விசுவாசமான தொழிலாளி" என்று பெயர் வைத்து இன்க்ரிமென்ட் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்கள்.

அப்பாவுக்கு இரண்டு ஃபோர்மேன். இரண்டு பேரும் தினமும் உள்ளே போனவர்கள்தான். ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு லேத்தில் நின்றார். இன்னொருவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டு மணி நேரமும் தன் மேசையில் இருந்தார். "என் வேலை வேலை வாங்குவது. வாங்க ஆள் இல்லை" என்று மேலே சொல்லிவிட்டாராம். அவர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் தெருவே பந்தக்கால் நட்டது. முதலாமவர் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகவில்லை. அப்பா சாகும்வரை அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே தோன்றும். ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தவன் நான், அப்பாவைக் குறை சொல்ல வரவில்லை.

கிருஷ்ணகிரி இன்ஜினியர்:

ஐயா, உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் கருங்காலி வைரம் பாய்ந்த மரம், கோடாலிக்குக் காம்பாகப் போய்த் தன் காட்டையே வெட்டும். அதனால்தான் கூட இருந்து குழி பறிப்பவனுக்கு அந்தப் பெயர். மேனேஜர் அந்தக் காட்டு மரமே இல்லையே! வீட்டுக் கடன், பிள்ளை ஃபீஸ் எல்லாம் எங்களுக்கும் இருக்கிறது, சங்கம்தான் இல்லை.

1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 13,000 விமானக் கட்டுப்பாட்டாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். சூப்பர்வைசர்கள் சுமார் 3,000 பேர், ஸ்டிரைக்கில் சேராதவர்கள், ராணுவக் கட்டுப்பாட்டாளர்கள் எல்லாரையும் உட்காரவைத்து அரசு விமானங்களைப் பறக்கவிட்டது. அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு எடுத்தார். மேனேஜர் உட்காருவான் என்று சங்கம் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

பட்டறைக்காரர் மகன்:

அந்த சூப்பர்வைசர்களில் நிறையப் பேர் அதே ரேடார் முன்னால் வேலை பார்த்து மேலே போனவர்கள் தம்பி. அதனால்தான் அவர்களால் அங்கே உட்கார முடிந்தது. ஓசூர்த் தம்பிக்கு டை சூடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது யார்? அவரும் அந்தக் காட்டு மரம்தான்.

இரண்டு சாவி:

நான் ஒரு வங்கியில் கிளை மேலாளர். கிளர்க் சங்கம் மட்டும் ஸ்டிரைக் அறிவித்தால் ஆபீசர்கள் நாங்கள் வந்தாக வேண்டும். கேஷ் சேஃப் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னிடம், மற்றது ஹெட் கேஷியரிடம். முந்தின நாள் சாயங்காலமே அவருடைய சாவியை வாங்கி வேறு ஆபீசரிடம் கொடுக்கச் சொல்லி மேலேயிருந்து போன் வரும். இரண்டு தடவை வாங்கினேன்.

மூன்றாவது தடவை அவர் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "மேடம், கவுன்டர் நடந்தால் நாங்கள் வெளியே நிற்கிறது யாருக்குத் தெரியும்?" என்றார். சாவியைப் பதிவேட்டில் எழுதி முறைப்படி வாங்கிக்கொண்டேன். ஆனால் கவுன்டரில் யாரையும் உட்கார வைக்கவில்லை. மறுநாள் கிளையைத் திறந்து என் அறையில் லோன் ஃபைல் பார்த்தேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பதில் எழுதினேன். அதோடு போனது. எல்லா இடத்திலும் அவ்வளவு லேசாக விடமாட்டார்கள், தெரியும்.

அன்றைக்கு ஒரு பென்ஷன் அம்மா மருந்துக்குப் பணம் எடுக்க வந்து வெறும் கையோடு போனார். அது இன்னும் உறுத்துகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓசூர் காஸ்டிங்:

எல்லாருக்கும் நன்றி. கேள்வியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த 19 நாளுக்கும் ஸ்பெஷல் அலவன்ஸ் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன். பட்டறை ஐயா எழுதிய "விசுவாசமான தொழிலாளி" என்ற வார்த்தையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. ஃபர்னஸுக்கு மட்டும் நிற்கிறேன் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை.

நாளைக்கு எனக்கு முதல் ஷிஃப்ட். அண்ணனும் 4-ம் நம்பரில்தான். டீ நேரத்தில் போய், "அண்ணே, உங்க மெஷின்ல நான் நின்னது தப்பு" என்று சொல்லப் போகிறேன். பதிலுக்கு "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாலும் சொல்லத்தான் போகிறேன்.