வாவி நீர்மட்டம் அனுப்பும் வேலையும் அதில் வாங்கும் ஏச்சும்

மட்டக்களப்பில் சின்ன சூழல் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப் ஒன்றில் டெவலப்பராக இருக்கிறேன். கோட் எழுதுகிறவனேதான் தோணியில் ஏறிச் சென்சரையும் கழுவ வேண்டும், அந்த அளவு கம்பனி. வாவியில் நட்ட கம்புகளிலிருந்து நீர்மட்டமும் உப்பும் லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ வழியாகக் கரைக்கு வரும், அதை நாங்கள் எஸ்எம்எஸ்ஸாக ஆட்களுக்கு அனுப்புகிறோம்.

உப்பை நேரடியாக அளப்பதில்லை, மின்கடத்துதிறனை வைத்துத்தான் கணக்கு. தண்ணீர் ஒரு பாகை சூடானால் அது ஏறத்தாழ 2 சதவீதம் கூடிவிடும், எல்லாவற்றையும் 25 பாகைக்குத் திருத்தாவிட்டால் மத்தியான வெயிலில் வாவி திடீரென்று உப்பாகிவிட்டது போலக் காட்டும். அது சின்ன வேலை. பாசியும் சிப்பியும் பிடித்து அளவு மெல்ல மெல்ல விலகுவதுதான் தொல்லை, அதற்கு எந்த ஃபில்டரும் சரிவராது, பிரஷ் எடுத்துத் தேய்க்கத்தான் வேண்டும்.

மாரி வந்தால் இதெல்லாம் ஒன்றுமேயில்லை. மழை கொட்டும், வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், வாவி ஏறும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வயல்காரருக்கு முகத்துவாரத்தை உடனே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். மீன்பிடிக்கிறவர்களுக்கோ அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்ற பயம். இந்த இழுபறிக்கு நடுவில் எங்கள் ஆப், மட்டம் இதைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தது. புரோகிராமில் அது வெறும் ஒரு எண், செட்டிங்ஸ் எழுதி வைக்கும் கொன்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி.

துறையடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஐயா போனை நீட்டிக் கேட்டார்: "மனே, இந்தச் சிவப்பு ஆர்ர வயல அளந்து போட்டது?" அன்று பின்னேரமே வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு வயல்காரர் கோல் எடுத்து, வரம்பு தாண்டின பிறகா சிவப்புக் காட்டுவீர்கள் என்று ஏசினார். ஒரே எண்தான் இரண்டு பேருக்கும்!

இப்போது நிறத்தை எடுத்துவிட்டோம். பாலத்தடியில் மட்டம் எவ்வளவு, நேற்றுப் பின்னேரத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் போகும், வெட்டுவதா இல்லையா என்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்க்கட்டும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. முதலாளிக்கு இன்னும் மனமில்லை, டாஷ்போர்டில் சிவப்பு இல்லாவிட்டால் காசு தருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லையாம்.

*

மறுமொழி, அம்பாறையிலிருந்து:

உங்களுக்குச் சிப்பி, எங்களுக்கு யானை. வயல் வாய்க்காலில் நட்ட கம்பை ஒரு ராத்திரி சாய்த்துவிட்டுப் போய்விட்டது. சென்சர் சாகவில்லை அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை ஒரே அளவை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது, சேர்வரில் எல்லாம் பச்சை. அப்புறம் பெட்டிக்குள் சாய்வைக் கண்டுபிடிக்கிற சென்சர் ஒன்றையும் போட்டு, கம்பு சரிந்தால் மெசேஜ் போகிற மாதிரிச் செய்தோம். தண்ணீர் அளவைப் பார்க்காதவர்கள்கூட அந்த மெசேஜ் வந்ததும் டோர்ச்சோடு வெளியே வருகிறார்கள்.