கிணற்றில் பெற்றோல் வாடை: மாதிரி எடுக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வளவுக் கிணற்றில் மழைக்குப் பிறகு பெற்றோல் வாடை. தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலமும் மிதக்கிறது. பக்கத்தில் எரிபொருள் நிலையம் ஒன்று உண்டு; அதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல மாட்டேன். பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை தெரிந்ததால் பயம் கூடிவிட்டது. இங்கே சுண்ணாம்புக்கல் நிலம், வெடிப்புகள் வழியே எண்ணெய் எங்கேயும் போகும்.

குடிப்பதை நிறுத்திவிட்டோம். பெற்றோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப்பொருளான பென்சீன் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், சரி. ஆனால் வாளியால் அள்ளினால் பென்சீன் பறந்துவிடாதா? மேலே எடுப்பதா, அடியிலா? யாழ்ப்பாணத்தில் இதைச் சோதிக்கும் ஆய்வுகூடம் எது? அப்புறம், மாரிக்கும் கோடைக்கும் தனித்தனியே எடுக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.