அம்மம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தியாச்சு, வீட்ட வந்து ஊசி போட ஆள் வேணும்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிற ஆக்கள் கொஞ்சம் பாருங்க.

அம்மம்மாவுக்கு 81 வயது. கிணத்தடியில சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, மூட்டு மாத்தினது. நாளைக்கு மட்டக்களப்பில இருந்து வீட்ட கொண்டு வாறம். டொக்டர் இப்ப பயப்படுறது இரத்தக்கட்டிக்குத்தான். விழுந்ததில இருந்து அசையாமக் கிடந்ததால காலுக்குள்ள இரத்தம் உறையலாம், அது கழண்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. இந்த ஆபத்து வீட்ட வந்தும் வாரக்கணக்கில இருக்குமாம். அதால எனொக்ஸாபரின் எண்ட, இரத்தம் உறையாமத் தடுக்கிற ஊசி 40 மில்லிகிராம், வயித்துத் தோலுக்குக் கீழ, ஒரு நாளைக்கு ஒண்டு, மொத்தம் 35 நாள்.

வார்ட்டில தாதி காட்டித் தர நான் ஒருக்கா போட்டன். கை நடுங்கி, போட்ட இடம் ஊதாவாக் கண்டிப்போச்சு. "நீ படிச்சு என்னத்துக்கு மனே?" எண்டு கிழவி சிரிக்கிறா.

பின்னேரம் 6 மணிக்கு வந்து போடக்கூடிய தாதி ஆராவது இருக்கிறாங்களா? காசு குடுப்பம். பாவிச்ச ஊசியளை எங்க குடுத்தீங்க?

இன்னொண்டு. கால் வீக்கம் கூடினா, மூச்சு வாங்கினா உடன கொண்டு வரச் சொன்னாங்க. ஒப்பரேசன் செஞ்ச கால் எப்பிடியும் வீங்கித்தானே கிடக்கு? வித்தியாசத்த எப்பிடிப் பிடிச்சீங்க? நான் கெண்டைக்கால் ரெண்டையும் நாடாவால அளந்து கலண்டரில எழுதுறன்.

எண்ணெய் பூசி உருவச் சொல்லி ஆரும் எழுதாதீங்க, பக்கத்து வீட்டு மாமி ஏற்கனவே போத்தலோட நிக்கிறா.