பூனைக்குப் பல் சுத்தம் செய்ய மதுரைப் பக்கம் எங்கே போகலாம்?

வணக்கம். எங்கள் மீனுவுக்கு 9 வயது. கொஞ்ச நாளாகத் தட்டைப் பார்த்ததும் ஓடி வருகிறாள், ஒரு வாய் கவ்வியதும் தலையை உதறிவிட்டு விலகிவிடுகிறாள். பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பல்லோரம் ஈறு செக்கச்செவேல் என்று வீங்கியிருக்கிறது. பல்லில் மஞ்சள் காரை, வாயில் நாற்றம்.

மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், ஒன்றிரண்டு பல்லை எடுக்கவும் வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். சரிதான், ஈறுக்கு அடியில் இருக்கும் காரையை விழித்திருக்கும் பூனையிடம் எடுக்க முடியாது. ஆனால் இந்த வயதில் மயக்க மருந்து என்றால் மனசு பதறுகிறது.

மதுரை, திண்டுக்கல் பக்கம் பல் எக்ஸ்ரே வசதியோடு இதைச் செய்பவர்கள் யார்? முன்னதாக ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் பார்த்தார்களா? மொத்தம் எவ்வளவு செலவானது? தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் கூட்டிப்போகத் தயார். அங்கே போனவர்கள் நடைமுறையைச் சொல்லுங்கள்.

நம் பற்பசையைத் தேய்க்கச் சொல்லாதீர்கள். பூனைக்குத் துப்பத் தெரியாது, அதிலுள்ள ஃபுளோரைடு வயிற்றுக்குள்தான் போகும்.

அப்புறம், பல் எடுத்த பூனைக்கு முதல் சில நாள் என்ன ஊட்டினீர்கள்?