டாட் இன் எங்களுடையது, டாட் காம் யாருடையது?

கரூர், வீட்டு ஜவுளி:
மேசை விரிப்பும் திரைச்சீலையும் தைத்து விற்கிறோம். 2012-இல் டாட் இன் இணைய முகவரியை வாங்கியபோது டாட் காமையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். 2018-இல் பழைய வாடிக்கையாளர் ஒருவர், சாயம் போகிறது என்று விரிப்பைப் படம் பிடித்து அனுப்பினார். நாங்கள் ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைப்போம். படத்தில் இருந்தது வெறும் ஓவர்லாக். ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெயர் எங்களுடையதுதான், வால் மட்டும் டாட் காம்.

நல்ல வேளையாக, ஜவுளிக்கான 24-ஆம் வகுப்பில் எங்கள் பெயருக்கு டிரேட்மார்க் பதிவு இருந்தது. அந்த டாட் காம் அதற்குப் பிறகு எடுக்கப்பட்டது. முகவரியைக் கேட்டு எழுதினோம். நான்கு லட்சம் தந்தால் கொடுப்பதாக மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வழக்கறிஞரோ, இதை அழித்துவிடாதீர்கள், இதுதான் நம் சாட்சி என்றார்.

டாட் காம் தகராறுக்கு, உலக இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி. என்ற விதிமுறை இருக்கிறது. மூன்றைக் காட்ட வேண்டும்: முகவரி நம் முத்திரையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். டாட் காமா டாட் நெட்டா என்பதைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த வழக்குகளை எடுக்கும் வைப்போ, அதாவது ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு, ஒரு நடுவர் விசாரிக்க வாங்கும் கட்டணம் 1,500 டாலர். எங்களைப் போன்ற கடைக்கு அது பெரிய தொகை. முகவரி கைக்கு வந்துவிட்டது, ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை.

கோவை, இணையதள வடிவமைப்பு:
நான் எதிர்ப்பக்கத்தில் நின்றவன். வெளிமாநில நிறுவனம் ஒன்றின் டாட் காம் பெயரை டாட் இன்னில் பதிந்து, சும்மா வைத்திருந்தேன். காலியாக இருந்தது, பணம் கட்டினேன், என்னுடையது என்று உண்மையாகவே நம்பினேன். டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்சியின் நடுவரிடமிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான், டாட் இன் தகராறுக்கான ஐ.என்.டி.ஆர்.பி. விதிமுறையையே கேள்விப்பட்டேன். டாட் காம் விதியில் கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் பயன்படுத்துவதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். டாட் இன்னில் இரண்டில் ஒன்றே போதும். பெயர் போய்விட்டது. இப்போது எந்த வாடிக்கையாளருக்கும் டிரேட்மார்க் பதிவேட்டைப் பார்க்காமல் முகவரி எடுத்துத் தருவதில்லை.

காங்கயம், செக்கு எண்ணெய்:
என் கதை நேர்மாறு. எங்கள் கடைப் பெயரே மரச்செக்கு என்ற சொல்லோடு ஊர்ப்பெயர் சேர்ந்ததுதான். அதே பெயரை வேறொருவர் டாட் நெட்டில் எடுத்துக்கொண்டு எண்ணெய் விற்கிறார். தடுக்கப் போனால், பொருளையும் ஊரையும் சொல்லும் பெயருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது என்றார்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கும் அதே காரணத்துக்காக டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபம் வந்துவிட்டது. பதினான்கு ஆண்டு உழைப்புக்கு இதுதானா பதில் என்று வயிறு எரிகிறது.

சென்னை, வழக்கறிஞர் அலுவலகம்:
காங்கயத்துக்காரர் மனம் தளர வேண்டாம். சென்னையின் இணையச் சேவை நிறுவனமான சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கைப் பாருங்கள். சிஃபி என்பது அவர்கள் தங்கள் பெயரிலிருந்து உருவாக்கிய சொல். எதிராளி ஓர் எழுத்தைக் கூட்டி டாட் காமும் டாட் நெட்டும் எடுத்தார். ஐந்து பங்குதாரர்களின் பெயர் முதலெழுத்து என்று காரணமும் சொன்னார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நம் சட்டத்தில் டொமைனுக்கென்று தனிப் பிரிவு இல்லாவிட்டாலும், பிறர் பெயரில் தன் சரக்கைத் தள்ளுவதைத் தடுக்கும் உரிமை இணைய முகவரிக்கும் உண்டு என்று 2004-இல் தீர்ப்பளித்தது. அதற்கு டிரேட்மார்க் பதிவு கட்டாயமில்லை.

உங்கள் பெயர் உருவாக்கிய சொல் இல்லை என்பதால் பாதை கடினம்தான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் வாங்குபவர் உங்கள் கடையைத்தான் நினைக்கிறார் என்று காட்ட முடிந்தால் 9-ஆம் பிரிவின் ஆட்சேபத்துக்கே பதில் சொல்லலாம். முதல் ஆண்டு ரசீதுகள், விளம்பரம், டின்னில் ஒட்டிய லேபிள், எது இருக்கிறது?

காங்கயம், செக்கு எண்ணெய்:
ரசீதுப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். கார்பன் எழுத்து மங்கியிருக்கிறது. தேதியும் கடைப் பெயரும் தெரிகின்றன. 2010-இலிருந்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.