மண்சரிவு எச்சரிக்கை: 150 மி.மீ. அளவு போதுமா, கற்கும் கணினி மாதிரி வேண்டுமா?

ஹப்புத்தளைக்காரன்:
இலங்கையில் மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் மழை அளவுகள் மலையகத்தில் பலருக்கும் மனப்பாடம். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறு. எளிமையான விதி, யாருக்கும் புரியும். ஆனால் மலைக்கு மலை மாறாத விதி. மூன்று வாரம் விடாமல் நனைந்த சரிவு 90 மி.மீ.க்கே இறங்கிவிடலாம். காய்ந்து கிடந்த சரிவு 160ஐயும் தாங்கலாம்.

காரணம் மண் பொறியியலாளர் டெர்சாகி 1920களிலேயே சொன்னதுதான். மண்ணுக்கு உராய்வுப் பலத்தைத் தருவது மேலே உள்ள மொத்தப் பாரம் அல்ல, அதிலிருந்து துளைநீர் அழுத்தத்தை, அதாவது மண் துகள்களுக்கு நடுவில் உள்ள நீரின் அழுத்தத்தை, கழித்த மிச்சம். மழைமானி அந்த அழுத்தத்தை அளப்பதில்லை.

முந்தைய வாரங்களின் மழை, சரிவின் கோணம், மண்ணின் தடிப்பு, வடிகான்கள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியாக நிகழ்தகவு சொல்லும் நியூரல் நெட்வொர்க் ஒன்றை, பழைய பதிவுகளிலிருந்து தானாகக் கற்கும் கணினி மாதிரியை, ஏன் பயன்படுத்தக் கூடாது? 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட பாட்டுக்குப் பிறகும் ஒரே அளவுகோலை எல்லா மலைக்கும் பிடித்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேராதனை_சிவில்:
அண்ணா, பௌதிகம் சரி. அதிலிருந்து நீங்கள் நியூரல் நெட்வொர்க்குக்குத் தாவியதுதான் பிரச்சினை.

மண்சரிவு அரிதாக நடப்பது. ஆயிரம் நாளில் ஒரு நாள் சரியும் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் "சரியாது" என்று மட்டும் சொல்லும் மாதிரிக்கு 99.9 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அது ஒருவரையும் காப்பாற்றாது.

அடுத்தது இன்னும் மோசம். மாதிரி செய்பவர்கள் ஒரே மண்சரிவின் வரைபடத்திலிருந்து வெட்டிய சிறு கட்டங்களில் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் போடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டம், ஒரே மண், ஒரே மழை. விடையைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவதுதான் இது. அந்த மாதிரியை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் படுத்துவிடும்.

மூன்றாவது, பதிவேடுகளில் இருப்பது பெரும்பாலும் வீதியோரத்திலும் வீட்டோரத்திலும் நடந்த சரிவுகள். காட்டுக்குள் சரிந்ததை யார் எழுதி வைத்தார்கள்? மாதிரி கடைசியில் கற்றுக்கொள்வது மலையின் குணத்தை அல்ல, மனிதன் எங்கே போய்ப் பார்த்தான் என்பதை.

ஹப்புத்தளைக்காரன்:
//மனிதன் எங்கே போய்ப் பார்த்தான் என்பதை//

பாதி உண்மை. வீதிக்காக மலையின் அடியை வெட்டினால் சரிவு நிஜமாகவே பலவீனமாகும், ஆகவே வீதியோரத்தில் மண்சரிவு கூடுதலாக இருப்பது முழுக்கப் பதிவுக் கோளாறு இல்லை. மற்றவற்றுக்கு வழி உண்டு. ஒரு பள்ளத்தாக்கை முழுதாக ஒதுக்கி வைத்து, மாதிரி அதுவரை காணாத அந்த இடத்தில் சோதிக்கலாம். துல்லியத்தை விட்டுவிட்டு, உண்மையான சரிவுகளில் எத்தனையைப் பிடித்தது, விட்ட எச்சரிக்கைகளில் எத்தனை பொய் என்று பார்க்கலாம்.

அப்புறம், கணினி நுண்மதி என்றால் நியூரல் நெட்வொர்க் மட்டும்தானா? லொட்ஃபி சாதே 1965இல் முன்வைத்த ஃபஸி கணங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் வயதானவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது, நன்றாக ஓடிய ஊற்று திடீரென நின்றுவிட்டது, மரம் சாய்கிறது, இஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன் திண்ணையில், வெடிப்பு விழுகிறது. இதில் எதற்கும் மி.மீ. கணக்கு இல்லை. "கொஞ்சம் கலங்கல்", "நல்ல கலங்கல்" என்பதை 0க்கும் 1க்கும் இடையில் வைத்து விதிகளாக எழுத ஃபஸி முறையால் முடியும். இவ்வளவு அறிவு மனிதர்களின் தலைக்குள் இருக்கும்போது மழைமானியை மட்டும் கேட்பது பெரிய இழப்பு.

கொழுந்துக்கூடை:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கொஸ்லந்தை மீரியபெத்தையை ஒருவரும் எடுக்கவில்லையே. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள், நாங்கள் இருக்கிற தோட்ட வரிசை வீடுகள், அப்படியே மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலேயே சொல்லப்பட்டிருந்தது. கணிப்பு இல்லாமலா அந்தச் சனம் செத்தது? போவதற்கு வேறு காணி இல்லை, வீடு இல்லை.

எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகிறோம். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. மலை சரியவில்லை என்றால் அடுத்த முறை பாதிப் பேர் லயத்திலேயே இருந்துவிடுகிறார்கள். உங்கள் கணினி எனக்கு 0.37 என்று சொன்னால் நான் என்ன செய்வது, தம்பி?

மழைமானி:
அக்கா, அந்த 0.37ஐ உங்களிடம் தரவே கூடாது. அதை முடிவாக மாற்றித் தருவது எங்கள் வேலை, அதற்குக் கணக்கும் இருக்கிறது. பொய் எச்சரிக்கையால் வரும் இழப்பை, எச்சரிக்கை இல்லாமல் சரிந்தால் வரும் இழப்பால் வகுக்க வேண்டும். நிகழ்தகவு அதைத் தாண்டினால் வெளியேறச் சொல்ல வேண்டும். இரண்டாவது இழப்பு 50 மடங்கு என்றால் 2 சதவீதத்திலேயே சொல்லியாக வேண்டும். உயிருக்கு 50 மடங்கு என்பதே குறைவு.

அந்த விகிதத்தை எந்தக் கணினியும் கண்டுபிடித்துத் தராது. மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது அது. 150 மி.மீ. என்ற எண்ணுக்குள்ளும் அப்படி ஒரு விகிதம் இருக்கிறது, வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

பேராதனை_சிவில்:
2 சதவீதக் கோட்டில் விடும் 50 எச்சரிக்கையில் 49 பொய்யாகும். அக்கா சொன்னது அங்கேதான் வந்து நிற்கிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உமா ஓயா நீர்த் திட்டத்துக்காக மலைக்குள் குடைந்த சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 டிசம்பரில் உள்ளே தண்ணீர் பீறிட்டது, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. இந்த மலைகளின் உள்ளே பாறைப் பிளவு எங்கே ஓடுகிறது, நீர் எந்த வழியில் போகிறது என்பதை மேலிருந்து பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. துளையிட்டுப் பார்த்த இடம் தெரியும், இரண்டு துளைக்கு நடுவில் ஊகம்தான். அந்த ஊகத்தை மாதிரிக்குள் போட்டால் வெளியே வருவது தசமதானம் போட்ட ஊகம்.

மழைமானி:
49 பொய் என்பது கோட்டின் விளிம்பில் விடும் எச்சரிக்கைக்கு மட்டும். 30 சதவீதத்தில் விடுவது பத்துக்கு மூன்று முறை பலிக்கும். இரண்டையும் ஒரே சைரனில் ஊதுவதுதான் பிழை. தவிர, எச்சரிக்கை இப்போது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வருகிறது. ஒரு பிரிவில் எத்தனை தோட்டம், எத்தனை சரிவு! சரிவு வாரியாகச் சொன்னால், ஒரு இரவில் எழுந்து போக வேண்டியவர்கள் மிகக் குறைவு.

உமா ஓயா விடயத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. நிலத்துக்கு அடியில் இருப்பது முழுதாகத் தெரியாது என்பது பொறியியலுக்குப் புதிதில்லை. அளந்துகொண்டே கட்டு, அளவு மாறினால் திட்டத்தை மாற்று என்ற அவதானிப்பு முறையை மண் பொறியியலாளர் ரால்ஃப் பெக் 1969இலேயே விளக்கமாக எழுதிவிட்டார். மாதிரியும் அப்படித்தான் இருக்க வேண்டும். சரிவில் துளைநீர் அழுத்தமானி நாலு இருந்தால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஊகம் திருத்தப்படும். தன் கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் அது சொல்ல வேண்டும். இதுவரை காணாத மழை வந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாத மாதிரியை நானும் நம்பமாட்டேன்.

பேராதனை_சிவில்:
அழுத்தமானி வைப்போம் என்றால் நான் உங்கள் பக்கம். அந்தக் கருவியும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் மாதிரி மட்டும் வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். மின்னல் அடித்துக் கருவி செத்தால், பதிவு நின்ற நாளை மாதிரி மழையில்லாத நாள் என்று எடுத்துக்கொள்ளும். அந்த இரவில் யார் பொறுப்பு?

ஹப்புத்தளைக்காரன்:
சரி, ஒரு நிபந்தனை வைப்போம். எச்சரிக்கையை முன்கூட்டி எழுப்ப மட்டும் மாதிரிக்கு அதிகாரம். 150 மி.மீ. விதி சொன்ன வெளியேற்றத்தை அது ஒருபோதும் ரத்துச் செய்யக் கூடாது. பதிவு நின்றால் பழைய விதி தானாகவே நடைமுறைக்கு வர வேண்டும். 90 மி.மீ.யில் சரியும் மலைகளுக்கு அந்த அளவாவது கிடைக்கட்டும்.

பேராதனை_சிவில்:
அப்படியானால் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், குறையாது. அந்தச் செலவு யார் தலையில்? இதற்குப் பதில் வரும்வரை நான் சம்மதிக்கமாட்டேன்.

கொழுந்துக்கூடை:
எங்கள் தலையில்தான், இப்போதைக்கு. வெளியேறச் சொன்ன நாளுக்கும் பேர் போடப்படும் என்று தோட்ட நிர்வாகமும் அரசும் எழுத்தில் தரட்டும். எந்த மண்டபம், சாவி யாரிடம், கக்கூஸ் எத்தனை என்று மழைக்கு முன்பே எங்களுக்குத் தெரியட்டும். எச்சரிக்கை தமிழில் வரட்டும், ஏன் என்ற காரணத்தோடு. "உங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற மலை மூன்று வாரமாக ஊறியிருக்கிறது" என்று சொன்னால் நான் பிள்ளைகளோடு புறப்படுவேன். இதையெல்லாம் தந்தால் பத்து முறை பொய்யானாலும் பதினோராவது முறையும் போவோம். மழைமானி தம்பி, நீங்கள் சொன்ன அந்த விகிதத்தைப் பேசி முடிவு செய்யும் கூட்டத்துக்கு லயத்திலிருந்து யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?