பழைய செய்திகள் மேலே சேரும்போது வாசிக்கும் வரி நழுவுகிறது – என்ன வழி?

நாகர்கோவில்வாசி:
அனைவருக்கும் வணக்கம். தோவாளைச் சந்தையில் பூ எடுக்கும் சில்லறை வியாபாரிகள் விலை பேசிக்கொள்வதற்காக, உலாவியிலேயே இயங்கும் ஓர் அரட்டைச் செயலியை ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதி வருகிறேன். பழைய விலையைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போனால், உச்சியைத் தொட்டதும் முந்தைய 30 செய்திகள் வந்து சேர்கின்றன. அந்தக் கணமே திரை தாவிவிடுகிறது. நேற்று விடியற்காலையில் ஓர் அக்கா பிச்சிப்பூ விலை இருந்த வரியில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த வரி கீழே போய், அதே இடத்தில் அதற்கும் முந்தைய நாளின் விலை வந்து நின்றது. அவர் அதையே எதிரே நின்றவரிடம் சொல்லிவிட்டார். யூஸ்எஃபெக்டில் (திரை மாறிய பின் ஓடும் ரியாக்ட் செயற்கூறு) ஸ்க்ரோல்டாப்பை (மேலிருந்து எவ்வளவு உருட்டப்பட்டுள்ளது என்ற எண்) திருத்திப் பார்த்தேன்; இடம் சரியாகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துள்ளல் இருக்கிறது. குரோம் தானாகவே நிலையைக் காக்கும் என்கிறார்களே, அது ஏன் இங்கே கைகொடுக்கவில்லை?

தக்கலை நிரலர்:
தம்பி, ஸ்க்ரோல் ஆங்கரிங் என்ற அந்த வசதி 2017-இல் குரோம் 56-இலும், 2019-இல் பயர்பாக்ஸ் 66-இலும் வந்தது. சஃபாரியில் பல ஆண்டுகள் அது இல்லை என்பதால், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அதை நம்பி எழுத முடியாது. குரோமிலும்கூட ஸ்க்ரோல்டாப் பூஜ்யமாக இருக்கும்போது அது வேலை செய்யாது. உங்கள் செயலியோ சரியாக உச்சியைத் தொட்ட பிறகுதான் பழைய செய்திகளைக் கேட்கிறது.

துள்ளலுக்குக் காரணம் வேறு. யூஸ்எஃபெக்ட் பெரும்பாலும் திரை வரையப்பட்ட பிறகே ஓடுவதால், தவறான நிலை ஒரு நொடிப்பொழுது கண்ணில் பட்டுவிடுகிறது. திருத்தத்தை, திரை வரையப்படுவதற்கு முன்பே ஓடும் யூஸ்லேஅவுட்எஃபெக்டுக்கு மாற்றுங்கள். ஸ்க்ரோல்ஹைட் (உள்ளடக்கத்தின் மொத்த உயரம்) எவ்வளவு கூடியது என்று கணக்கிட்டு அதை அப்படியே கூட்டுவதுதான் பலரும் செய்வது. ஆனால் அதே வேளையில் கீழே ஒரு புதிய செய்தி வந்துவிட்டால் அதன் உயரமும் கணக்கில் சேர்ந்து வரி மறுபடியும் நழுவும். ஆகவே, திரையில் தெரியும் முதல் செய்தியின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைச் சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் கெட்பவுண்டிங்கிளையண்ட்ரெக்ட் மூலம் அளந்து, அந்த வித்தியாசத்தை மட்டும் ஸ்க்ரோல்டாப்பில் கூட்டுங்கள். உலாவியும் நாமும் சேர்ந்து இருமுறை திருத்திவிடாமல் இருக்க, ஓவர்ஃப்ளோ-ஆங்கர் என்ற சிஎஸ்எஸ் பண்பை ‘நன்’ (வேண்டாம்) என்று வைத்துவிடுங்கள். ஸ்க்ரோல்-பிஹேவியர் ‘ஸ்மூத்’ என்று இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் திருத்தமே மெல்ல நகர்ந்து காட்டும்.

குளச்சல் கரை:
தக்கலை அண்ணன் சொன்னதோடு படங்களையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஏலக்கூடக் குழுவில் மீன் படங்கள்தான் அதிகம். செய்தி சேர்ந்த பிறகு படம் இறங்கி முடியும்போது அதன் உயரம் திடீரென விரிந்து, அதற்குக் கீழிருந்த அனைத்தையும் தள்ளிவிடும். படத்தைப் பதிவேற்றும்போதே அகலத்தையும் உயரத்தையும் சேமித்து, இமேஜ் டேகில் கொடுத்துவிட்டால், படம் வருமுன்பே உலாவி அதற்குரிய இடத்தை ஒதுக்கிவிடும். தமிழ் எழுத்துரு தாமதமாக இறங்கினாலும் வரிகள் மடங்கும் இடம் மாறி இதே தொல்லை வரும். ஐபோனில், விரலை எடுத்த பின்னும் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரோல்டாப்பை மாற்றினால் ஓட்டம் தடைபடக்கூடும். உச்சியைத் தொடும்வரை காத்திராமல், இன்டர்செக்‌ஷன்அப்சர்வரில் (ஒரு பகுதி திரைக்குள் வருவதைக் கவனிக்கும் உலாவி வசதி) ரூட்மார்ஜின் (கவனிக்கும் எல்லையை விரிக்கும் அளவு) கொடுத்து, இரண்டு திரை அளவுக்கு முன்னதாகவே செய்திகளைக் கேட்டுப் பெறுவது நல்லது.

நாகர்கோவில்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. மேல்விளிம்பை அளக்கும் முறையை யூஸ்லேஅவுட்எஃபெக்டில் எழுதிய பிறகு துள்ளல் அறவே இல்லை. பட அளவுகளை இன்றிரவு சேர்க்கிறேன். ஒரு சந்தேகம்: மேலே படித்துக்கொண்டிருப்பவரைப் புதிய செய்தி வந்ததும் கீழே இழுத்துச் செல்லலாமா?

தக்கலை நிரலர்:
கூடாது. செய்தி சேருவதற்கு முன்பே, அடியிலிருந்து அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். ஒரு செய்தியின் உயரத்துக்குள் இருந்தால் மட்டும் அடிக்குக் கொண்டுபோங்கள். மற்றவர்களுக்கு ‘புதிய விலை வந்துள்ளது’ என்ற சிறு பொத்தான் போதும், அவர்களே தொட்டு இறங்கிக்கொள்வார்கள்.